சார்க் தீவில் நான்கு இரவுகள்: அமாவாசையை ஒட்டிப் போன கோடை விடுமுறை

ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சித் தீவின் செயின்ட் பீட்டர் போர்ட் துறையில் படகு ஏறும் முன்பே எங்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நம் பெயரையும் தங்கப்போகும் வீட்டின் பெயரையும் எழுதி ஓர் அட்டையைக் கட்டிவிட வேண்டும்; அதன் பிறகு அது படகில் ஏறி, சார்க் தீவில் இறங்கி, டிராக்டர் வண்டியில் மேடேறி, நாம் தங்கும் வீட்டு வாசலுக்குத் தானே வந்து சேரும் என்றார்கள். இத்தனை கைமாறும் பெட்டி ஒழுங்காக வருமா என்று அம்மாவுக்கு ஒரே கவலை; மருந்துப் பையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். நாங்கள் வழி நெடுக நின்று நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு தங்குமிடத்தை அடைந்தபோது, நான்கு பெட்டிகளும் வாசல் ஓரமாக வரிசையாக நின்றிருந்தன. அந்த நான்கு நாளில் எங்களுக்குக் கிடைத்த சேவைகளில் குறையே சொல்ல முடியாதது இதுதான்.

என் கணவர், பதினொரு வயது மகள், 68 வயதான என் அம்மா, நான் என்று நான்கு பேர் ஆகஸ்டு மாதத்தில் நான்கு இரவுகள் அங்கே தங்கினோம். தீவு எப்படி இருக்கிறது, யாருக்குப் பொருந்தும், எதில் ஏமாற்றம் வரக்கூடும் என்பதை, போக நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். தங்கிய வீட்டின் பெயரையும் மிதிவண்டி எடுத்த கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்களிடம் நான் கண்ட குறைகளை மட்டும் சொல்கிறேன்.

சார்க், ஆங்கிலக் கால்வாயில், பிரான்சின் நார்மண்டிக் கரையை ஒட்டிச் சிதறிக்கிடக்கும் தீவுக்கூட்டத்தில் ஒன்று. பரப்பளவு சுமார் 5.5 சதுர கிலோமீட்டர்; வாழ்பவர்கள் ஏறக்குறைய 500 பேர். விமான நிலையம் கிடையாது. படகில்தான் போய்ச் சேர முடியும்; கெர்ன்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். தீவுக்குள் கார்களுக்கு அனுமதி இல்லை. பண்ணை வேலைக்கும் சரக்குக்கும் டிராக்டர், மற்றவர்களுக்கு மிதிவண்டி, குதிரை வண்டி, இல்லாவிட்டால் நடை. தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்சையும்கூட டிராக்டர்தான் இழுத்துச் செல்கிறது. படகு சென்றடையும் மேஸ்லின் துறைமுகம் 1949இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு குகைவழியாக வெளியே வந்தால், செங்குத்தான மேட்டில் ஏற்றிச் செல்ல, பக்கவாட்டில் திறந்த இருக்கைகளுடன் ஒரு டிராக்டர் வண்டி காத்திருக்கும். மேட்டில் ஏறியதும் தீவு சமதளமாக விரிகிறது. மரங்கள் கவிந்த மண்பாதைகள், இருபுறமும் வேலிச்செடிகள், அவற்றுக்கு அப்பால் மாடு மேயும் வயல்கள், வயல்களின் முடிவில் சடாரென்று இறங்கும் பாறைச் சரிவுகள், அடியில் கடல். இவ்வளவுதான் சார்க். இந்த இவ்வளவுக்கு நான்கு நாள் போதவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் இங்கே வருபவர்களில் பலர் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போய்வந்த நண்பர் ஒருவர், மதியம் வரை கடைத்தெருவில் வரிசையில் நின்றோம், அப்புறம் ஒரு மிதிவண்டியைத் தேடி அலைந்தோம், பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பகல் பதினொரு மணிக்கு கடைத்தெருவான அந்த ஒற்றை மண்பாதையில் கூட்டம் நெரிகிறது. ஆனால் கடைசிப் படகு புறப்பட்ட அரை மணி நேரத்தில் அதே பாதையில் ஒரு நாயும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். குதிரையை அவிழ்த்துக்கொண்டு போன வண்டிக்காரர் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். சார்க்குக்கு ஒரு நாள் பயணமாகப் போவதென்றால் போகாமலே இருந்துவிடலாம் என்பது என் திடமான கருத்து. குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும்.

தீவு இரண்டு துண்டாக இருக்கிறது. பெரிய சார்க்கையும் தெற்கே உள்ள லிட்டில் சார்க்கையும் லா கூப்பே என்ற குறுகிய பாறை முதுகு இணைக்கிறது. அகலம் சுமார் மூன்று மீட்டர். இரு பக்கமும் சுமார் 80 மீட்டர் ஆழத்துக்கு நேர்ச்சரிவு. இடப்பக்கம் குனிந்தாலும் கடல், வலப்பக்கம் குனிந்தாலும் கடல். 1900இல் கைப்பிடிக் கம்பிகள் போடப்படும் வரை, காற்று பலமாக வீசும் நாட்களில் லிட்டில் சார்க்கிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தவழ்ந்து கடந்தார்களாம். இப்போதுள்ள கான்கிரீட் பாதை, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களின் மேற்பார்வையில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் போட்டது. ஐந்தாண்டுகள் இந்தத் தீவை ஆக்கிரமித்திருந்த படையைச் சேர்ந்தவர்களின் கையாலேயே அந்தப் பாதை அமைந்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே பதித்திருக்கிறது. என் மகள் அதைப் படித்துவிட்டு, பாதையைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

அம்மாவைக் குதிரை வண்டியில் அழைத்து வந்திருந்தோம். எங்கள் வண்டிக்காரர் இப்புறமே வண்டியை நிறுத்திவிட்டு, அவசரமில்லை, மெதுவாக நடந்து பாருங்கள், நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்றார். அம்மாவுக்கு உயரம் என்றாலே ஆகாது. கம்பியைப் பிடித்தபடி பாதி தூரம் வந்தவர், அங்கே நின்று, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். நாங்கள் அக்கரைக்குப் போய்த் திரும்பும் வரை அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பயந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேகமாக வந்தோம். அருகில் வந்தபோதுதான், கீழே கிராண்ட் கிரேவ் கடற்கரையில் அலை பின்வாங்கிப் பின்வாங்கி மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. நாங்கள் பாதையைக் கடந்து வந்த அந்த நேரத்துக்குள் ஒரு கடற்கரையே முளைத்துவிட்டது.

இங்கே ஓதத்தின், அதாவது கடல் வற்றிப் பெருகுவதன், அளவு அப்படிப்பட்டது. இந்தத் தீவுக்கூட்டத்தைச் சுற்றி நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓத நாட்களில் 9, 10 மீட்டரைத் தொடுகிறது. மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் இருக்கும் கடற்கரை மாலையில் இருக்காது. ஆகவே சார்க்கில் அன்றைய நாளை எப்படிக் கழிப்பது என்பதை நாம் முடிவுசெய்வதில்லை, ஓத அட்டவணைதான் முடிவுசெய்கிறது. தங்குமிடத்தில் காலை உணவு மேசைக்கு எதிரே அதை ஒட்டி வைத்திருந்தார்கள். முதல் நாள் அது என்னவென்று தெரியாமல் இருந்த என் மகள், மூன்றாம் நாள் தட்டில் ரொட்டி வருவதற்கு முன்பே எழுந்து போய் நேரத்தைப் படித்துவிட்டு வந்தாள்.

அந்த அட்டவணை எங்களை அழைத்துச் சென்ற இடங்களில் தலையானது, லிட்டில் சார்க்கின் தென்கோடியில் உள்ள வீனஸ் குளம். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டும் வெளியே தெரியும், பாறைகளுக்கு நடுவே கடல் குடைந்த வட்டக் குளம் அது. பழைய வெள்ளிச் சுரங்கத்தின் இடிந்த புகைபோக்கிகளைத் தாண்டிப் புல்வெளியில் நடந்து, பிறகு பாறைகளில் கையும் காலும் ஊன்றி இறங்க வேண்டும். செருப்போடு வந்தவர்கள் திரும்பிப் போனதைப் பார்த்தோம். பிடிப்புள்ள காலணி கட்டாயம் தேவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இந்த இறக்கம் ஆகாது. அம்மா மேலேயே புல்லில் உட்கார்ந்துகொண்டார். குளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், பச்சையும் நீலமும் கலந்த தண்ணீருக்குள் அடிவரை தெரிகிறது. சுவரில் ஒட்டிய கடற்சாமந்திகள் என்ற பூப்போன்ற கடலுயிர்கள் செக்கச்செவேலென்று சுருங்கியும் விரிந்தும் இருக்கின்றன. ஆகஸ்டிலும் இங்கே கடல்நீரின் வெப்பம் 17 டிகிரி அளவில்தான் இருக்கும். என் கணவர் குதித்து எழுந்தபோது அவருக்கு மூச்சே நின்று வந்தது. மகள் படிப்படியாக இறங்கி, கழுத்தளவு வந்ததும் நீந்த ஆரம்பித்து, உதடு நீலமாகும் வரை வெளியே வர மறுத்தாள்.

வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டில் தீவின் உரிமையாளராக இருந்த குடும்பம் வெள்ளி கிடைக்கும் என்று நம்பித் தீவையே அடகு வைத்துச் சுரங்கம் தோண்டியது. சுரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்தது, வெள்ளி கடனை அடைக்கவில்லை, 1852இல் தீவே கைமாறிப்போனது. அந்தப் புகைபோக்கிகளின் மேல் இப்போது கொடி படர்ந்திருக்கிறது.

தீவுக்கு உரிமையாளரா என்று கேட்பவர்களுக்கு: 1565இல் முதலாம் எலிசபெத் அரசி, ஆளில்லாமல் கிடந்த இந்தத் தீவை, காவலுக்கு 40 ஆட்களைக் குடியமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹெலியர் டி கார்ட்டரே என்பவருக்குக் கொடுத்தார். அன்று தொடங்கிய நிலப்பிரபு முறை அண்மைக்காலம் வரை நீடித்தது. தீவின் சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் 2008 டிசம்பரில்தான் நடந்தது. தீவில் புறா வளர்க்கும் உரிமைகூட நிலப்பிரபுவுக்கு மட்டுமே இருந்தது. அவருடைய மாளிகையான செய்னரியின் தோட்டத்தில் அந்தப் புறாக்கூண்டுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. தோட்டம் பார்க்க வேண்டிய ஒன்று. உயரமான கல்சுவர் கடற்காற்றைத் தடுத்துவிடுவதால் உள்ளே வேறொரு பருவமே நிலவுகிறது. ரோஜாவும் டாலியாவும் ஆளுயரத்துக்கு நின்றன. அம்மா அங்கே ஒரு மணி நேரம் பெஞ்சில் அமர்ந்து, தோட்டக்காரப் பெண்ணிடம் சைகையும் அரைகுறை ஆங்கிலமுமாக விதை சேகரிப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நடக்க முடியாத பெரியவர்களோடு வருபவர்களுக்கு இந்தத் தோட்டமும், குதிரை வண்டிச் சவாரியும், கடைத்தெருத் தேநீர்க் கடைகளும் இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும். 1856இல் கட்டிய, இரண்டே அறைகள் கொண்ட சிறைச்சாலையைப் போகிற வழியில் பார்க்கலாம். அதற்கென்று தனியாகப் போக வேண்டியதில்லை.

இனி குறைகள். எங்கள் மிதிவண்டிகளை எடுத்த கடையில், மகளுக்குக் கொடுத்த வண்டியின் பின்பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. சமதளத்தில் அது தெரியவில்லை. லா கூப்பேயை நோக்கி இறங்கும் சரிவில்தான் தெரிந்தது. அவள் புத்திசாலித்தனமாக வேலிச்செடிக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டாள்; கீறலோடு போயிற்று. திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேறு வண்டி தந்தார்கள், ஆனால் வருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை; கூட்டம் அதிகமான நாள், எல்லாவற்றையும் சோதிக்க நேரமில்லை என்றார்கள். மேடும் பள்ளமும் பாறை விளிம்பும் உள்ள ஒரு தீவில் இந்தப் பதிலை ஏற்க என்னால் முடியவில்லை. எந்தக் கடையில் எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பிள்ளைகளுக்கான சிறிய வண்டிகள் குறைவு; முன்பதிவு செய்துவிடுவது நல்லது. லா கூப்பேயில் எல்லோரும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

தங்கிய வீடு பழைய கல்வீடு. அறைகள் சிறியவை, சுத்தமானவை. எங்கள் ஜன்னலுக்கு நேரே வயல், அதன் விளிம்பில் ஒரு கோடு போலக் கடல். தொலைக்காட்சி இல்லை, நாங்கள் அதைத் தேடவும் இல்லை. காலை உணவில் குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அம்மா சைவம் என்று முன்பதிவின்போதே எழுதியிருந்தும், முதல் இரவு அவருக்குக் கிடைத்தது சூப்பும் ரொட்டியும் மட்டும்தான். அந்தக் குறிப்பு சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் சமையல்காரரே வந்து மன்னிப்புக் கேட்டு, தோட்டத்துப் பீன்ஸும் உருளைக்கிழங்கும் வைத்து அருமையாகச் செய்து கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அம்மாவிடம் கேட்டே சமைத்தார். இன்னொன்று, இரவு உணவுக்கு வெளியே போவதானால் காலையிலேயே இடம் சொல்லிவைக்க வேண்டும் என்பதை வந்த அன்றே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். தீவில் உணவகங்கள் சில மட்டுமே. இரவு எட்டரை மணிக்குப் போய் நின்றால் கதவு சாத்தியிருக்கிறது. நண்டும் சிங்கிறாலும் சாப்பிடுபவர்களுக்கு இது நல்ல ஊர். அன்று பிடித்ததை அன்றே சமைக்கிறார்கள். கிரீமும் ஜாமும் தடவிய ஸ்கோனும் தேநீரும் எந்தப் பாதையில் நடந்தாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் கிடைத்துவிடுகின்றன.

நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இரவுகளுக்காகத்தான். சார்க்கில் தெருவிளக்கு கிடையாது. 2011இல் சர்வதேச இருள்வான் சங்கம் இதை உலகின் முதல் இருள்வான் தீவாக அறிவித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது அமாவாசைக்கு முந்தைய நாள். ஆகஸ்டில் சூரியன் மறையவே ஒன்பது மணியை ஒட்டி ஆகிவிடுகிறது. முழு இருட்டுக்குப் பதினோரு மணி வரை காத்திருக்க வேண்டும். மகளைத் தூங்கவைத்து எழுப்பி, போர்வையைச் சுற்றி, வயல் ஓரத்துக்கு அழைத்துப் போனோம். கைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தோம், கண் இருட்டுக்குப் பழகியது கலையாமல் இருக்க. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. பிறகு வேலிச்செடியின் விளிம்பு தெரிந்தது. பிறகு, மேகம் வந்துவிட்டதே என்று என் கணவர் வருத்தப்பட்டார். தெற்கிலிருந்து தலைக்கு மேலாக ஒரு வெண்மேகம் நீளமாகக் கிடந்தது. அது நகரவே இல்லை. நகராததைப் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் அது மேகமல்ல, பால்வீதி என்று எங்களுக்கு உறைத்தது. "அம்மா, இது தினமும் இங்கதான் இருக்கா?" என்று மகள் கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் எனக்கு யாரும் காட்டல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. என் அம்மா, தான் சிறுமியாக இருந்தபோது மொட்டை மாடியில் பார்த்தது, அதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

அன்றிரவு கிடைத்த ஒரு தற்செயல்தான், போக விரும்புபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நின்று கடலை இழுப்பதால், அதையடுத்த ஓரிரு நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். அதாவது கடல் மிக ஆழமாக வற்றும். இந்தக் கடற்பகுதியில் அந்த நாட்களின் வற்றம் மதியம் ஒன்றரை, இரண்டு மணியை ஒட்டி வருகிறது. ஆக, இரவில் வானம் மிகக் கருமையாக இருக்கும் அதே வாரத்தில், பகலில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது வீனஸ் குளமும் கிராண்ட் கிரேவும் முழுதாக வெளியே வந்துவிடுகின்றன. பௌர்ணமியிலும் கடல் இப்படி வற்றும், ஆனால் நிலவொளி வானத்தைக் கழுவிவிடும். இடைப்பட்ட நாட்களில் வந்தவர்கள் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் வற்றும் கடலைப் பார்த்து, பகலெல்லாம் கடற்கரை இல்லாமல் திரும்பியிருப்பார்கள். நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முந்தைய நாள் போய்ச் சேருமாறு முன்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் வற்றம் முக்கால் மணி நேரம்போலத் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வையுங்கள். பாறைக் கடற்கரைகளில், கடல் திரும்பத் தொடங்கியதும் மேலேறிவிட வேண்டும். தண்ணீர் வரும் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். இறங்கும் படிகள் சில வேளைகளில் மண்சரிவால் மூடப்பட்டிருக்கும் என்பதால் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. கிராண்ட் கிரேவுக்கு இறங்க முடியாத நாளில், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு வழியாக டீகார் கடற்கரைக்கு நடந்து போகலாம். அங்கே பாறையில் இயற்கையாகக் குடைந்த வளைவு ஒன்று உண்டு, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

திரும்பும் நாளில் காலையில் மூடுபனி இறங்கிவிட்டது. துறைமுகத்தில் எதிரே இருந்த பாறைகூடத் தெரியவில்லை. படகு இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. படகுக்காரர்கள் நிலவரத்தை அவ்வப்போது வந்து சொன்னார்கள், அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எங்களுக்கு அன்றே விமானம் இல்லாததால் பதற்றம் இல்லை. அருகில் இருந்த ஒரு குடும்பத்துக்கு இருந்தது, அவர்கள் விமானத்தைத் தவறவிட்டார்கள். திரும்பும்போது கெர்ன்சியில் ஓர் இரவு தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம், பிடிப்புள்ள காலணி, சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு, தொடர்ந்து எடுக்கும் மருந்துகள், பயணக் காப்பீடு ஆகிய ஐந்தும் மறக்கக் கூடாதவை. மருத்துவர் தீவிலேயே இருக்கிறார்; பெரிய சிகிச்சை என்றால் படகில் கெர்ன்சிக்குத்தான் போக வேண்டும்.

2026 ஆகஸ்டில் அமாவாசை 12ஆம் தேதி வருகிறது. பெர்சீட் விண்கல் பொழிவு உச்சத்தில் இருக்கும் இரவுகளும் அதை ஒட்டியே அமைகின்றன. அன்று மாலை, சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும் நேரத்தில், அதன் பெரும்பகுதி மறையும் கிரகணமும் இங்கே தெரியும். லா கூப்பேயின் மேற்குப் பக்கம் திறந்த கடல். அதே வீட்டில் அதே இரண்டு அறைகளுக்கு எழுதிவிட்டோம், சைவம் என்பதை இந்த முறை சமையல்காரருக்கே நேராக எழுதியிருக்கிறேன். கிரகணக் கண்ணாடி நான்கு வாங்கியாயிற்று.